டிமதி டெய்லர் லேண்ட்லார்ட் நகல்: கசப்பு வருகிறது, ஆரஞ்சு வாசம் வரவில்லை

கசப்புப்பிரியன்:

டிமதி டெய்லர் ஆலையின் லேண்ட்லார்ட் என்ற ஆங்கிலக் கசப்பு பீரை வீட்டில் நகலெடுக்கப் பார்க்கிறேன். 23 லிட்டருக்கு நான் போட்ட கணக்கு இது. மேரிஸ் ஆட்டர் (அடித்தள மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி) 3.8 கிலோ, கிரிஸ்டல் மால்ட் (டாஃபி இனிப்பு தரும் மால்ட்) 300 கிராம். ஹாப்ஸ் (கசப்பும் வாசமும் தரும் பூ) கென்ட் கோல்டிங்ஸ் 55 கிராம் 60 நிமிடக் கொதிக்கு, இன்னொரு 25 கிராம் கடைசி 5 நிமிடத்தில். அமெரிக்க ஏல் வகை உலர் ஈஸ்ட். தண்ணீர் மிகவும் மென்மையானது என்பதால் 32 லிட்டருக்கு ஜிப்சம் 20 கிராம். மேஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) 68 டிகிரி. ஓ.ஜி. (நொதிப்புக்கு முன் அடர்த்தி) 1.040, எஃப்.ஜி. (நொதித்த பின் அடர்த்தி) 1.011. பாட்டிலில் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை.

டாஃபி இனிப்பு தூக்கலாக இருக்கிறது, கசப்பு தொண்டையில் வறண்டு நிற்கிறது. அசலில் மூக்குக்கு வரும் ஆரஞ்சுத் தோல் வாசம் துளியும் இல்லை. எதை மாற்ற வேண்டும்?

மேஷ்தொட்டி:

முதலில் கிரிஸ்டல் மால்ட்டை எடுத்துவிடுங்கள். நகல் செய்முறைகளில் பாதி இங்கேதான் சறுக்குகின்றன. லேண்ட்லார்டின் அடித்தளம் கோல்டன் பிராமிஸ் என்ற ஸ்காட்லாந்து பார்லி மால்ட். அதற்கே உருண்டையான, மெல்லிய இனிப்பு உண்டு. அதன் மேல் 300 கிராம் கிரிஸ்டல் ஏற்றினால் பின்னால் வரும் ஹாப்ஸ் வாசத்தை டாஃபி மூடிவிடும்.

23 லிட்டருக்கு, மால்ட்டிலிருந்து சர்க்கரை பிரியும் திறன் 75% என்றால், கோல்டன் பிராமிஸ் 4.25 கிலோ. நிறத்துக்குக் கருப்பு மால்ட் 30 கிராம் போதும், செம்பு நிறம் வந்துவிடும். அதை மேஷில் கலக்காதீர்கள். ஸ்பார்ஜ் (ஊறிய மால்ட்டை வெந்நீரால் அலசுவது) தொடங்கும்போது மேலே தூவினால் நிறம் இறங்கும், கருகல் சுவை இறங்காது.

மேஷுக்கு 10.6 லிட்டர் நீர். மால்ட் 20 டிகிரியில் இருந்தால் நீரை 74 டிகிரிக்குச் சூடாக்குங்கள், கலந்ததும் 66-இல் வந்து நிற்கும். 60 நிமிடம். 68 வேண்டாம், கீழே சொல்லும் ஈஸ்ட் சர்க்கரையை முழுதாகத் தின்னும் ரகம் அல்ல. ஸ்பார்ஜுக்கு 76 டிகிரியில் 21 லிட்டர். கொதிக்கவைக்கும் கெட்டிலில் சுமார் 27 லிட்டர் சேரும், ஒரு மணி நேரக் கொதியில் 23 ஆகும். இலக்கு 1.042.

ஹாப்ஸ்தான் முக்கியம். நீங்கள் தேடும் ஆரஞ்சு ஸ்டைரியன் கோல்டிங்ஸிலிருந்து வருவது. பெயரைப் பார்த்துக் கென்ட் கோல்டிங்ஸின் உறவு என்று நினைத்து மாற்றிப் போடுகிறார்கள். உண்மையில் அது ஸ்லோவேனியாவில் வளரும், ஃபகிள் என்ற ஆங்கில ஹாப்ஸ் வழிச் செடி. 60 நிமிடத்துக்கு ஃபகிள்ஸ் 28 கிராம், கென்ட் கோல்டிங்ஸ் 27 கிராம். கடைசி 10 நிமிடத்துக்கு ஸ்டைரியன் 30 கிராம். அடுப்பை அணைத்து, வோர்ட் (வடித்த மால்ட் நீர்) 80 டிகிரிக்கு இறங்கியதும் இன்னொரு 30 கிராம் ஸ்டைரியன், 20 நிமிடம் ஊறட்டும். கொதிநிலையிலேயே போட்டால் வாச எண்ணெய் ஆவியோடு போய்விடும், கசப்பும் கணக்கை மீறும். மொத்தம் 33 முதல் 35 ஐ.பி.யு. (கசப்பு அளவு) வரும்.

ஈஸ்ட் வையீஸ்ட் 1469. டெய்லர் ஆலையின் ஈஸ்ட்டிலிருந்து வந்தது என்று வீட்டில் காய்ச்சுபவர்கள் பரவலாக நம்புவது இதைத்தான். அமெரிக்க வகை ஈஸ்ட் மிகச் சுத்தமாக நொதிக்கும், பழ வாசத்தை அது தராது. 18 டிகிரியில் போட்டு, இரண்டாம் நாளிலிருந்து மெல்ல 20-க்கு விடுங்கள்.

நீரோட்டம்:

தொண்டையில வறண்டு நிக்குற கசப்புக்கு ஹாப்ஸ் மட்டும் காரணம் இல்லங்க. 32 லிட்டருக்கு ஜிப்சம் 20 கிராம்னா சல்ஃபேட் மட்டும் லிட்டருக்கு சுமார் 350 மில்லிகிராம். அது சல்ஃபேட்டுக்குப் பேர்போன பர்ட்டன்ங்கிற ஆங்கில ஊர்த் தண்ணி பக்கம் போற கணக்கு. லேண்ட்லார்ட் யார்க்ஷயர்ல கீத்லி ஊர்ப் பீர். 'இங்கிலீஷ் பிட்டர்'னாலே பர்ட்டன் தண்ணின்னு எல்லாரும் எடுத்துக்குறாங்க, அது தப்பு.

உங்க மென்மையான தண்ணிக்கு 32 லிட்டர்ல ஜிப்சம் 8 கிராம், கால்சியம் குளோரைடு 4 கிராம் போதும். சல்ஃபேட் 140, குளோரைடு 60, கால்சியம் 90 பக்கம் வரும். கசப்பு தெளிவா இருக்கும், மால்ட்டும் மறையாது. மேஷ் பி.எச். 5.3-5.4ல நிக்குதான்னு பாருங்க. குழாய்த் தண்ணின்னா காம்ப்டன் மாத்திரை பாதி பொடிச்சுப் போட்டுடுங்க. குளோரின் தங்கிட்டா மருந்து வாசம் வரும், அதை அப்புறம் எடுக்கவே முடியாது.

அடுத்து வாயு. லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரைன்னா 2.3 வால்யூமுக்கு (ஒரு பங்கு பீர்ல அத்தனை பங்கு வாயு) மேல போயிடும். காஸ்க் பீர்ல (பப்ல பீப்பாயில இருந்து ஊத்துறது) இருக்குறது 1.1ல இருந்து 1.3 தான். வாயு ஏற ஏற கார்பானிக் அமிலம் நாக்கைக் குத்தும், கசப்பு கூர்மையாகும், மால்ட் பின்னால போயிடும். பாட்டில்னா லிட்டருக்கு 4 கிராம். 20 லிட்டர் பாலிபின்னா (மடங்குற பிளாஸ்டிக் பீப்பாய்) மொத்தமே 30 கிராம். நொதிப்பு முடிஞ்சு பீர் 20 டிகிரில இருக்கும்போதே 0.86 வால்யூம் வாயு அதுல கரைஞ்சு இருக்கும், அதைக் கழிச்சுட்டுத்தான் சர்க்கரைக் கணக்கு போடணும். ஊத்துறப்ப 11-13 டிகிரி. ஃபிரிட்ஜ் குளிர்ல ஸ்டைரியன் வாசம் எழும்பவே எழும்பாது.

கசப்புப்பிரியன்:

நன்றி இருவருக்கும். இரண்டு சந்தேகம். கையில் இருக்கும் பொட்டலத்தில் 'ஸ்டைரியன் கோல்டிங்ஸ் சிலேயா' என்று இருக்கிறது. அது வேறா? இன்னொன்று, 1469 பாதியில் நின்றுவிடும் என்கிறார்களே?

மேஷ்தொட்டி:

சிலேயா கலப்பினம், வேறு செடி. நீங்கள் தேடுவது சவின்ஸ்கி கோல்டிங் என்று பெயர் உள்ளது. அது கிடைக்காவிட்டால் சிலேயாவைப் போடலாம், வாசம் அருகில்தான் இருக்கும். எதுவானாலும் கசப்பு தரும் ஆல்ஃபா அமிலத்தின் அளவைப் பொட்டலத்தில் பார்த்துக் கணக்கிடுங்கள். நான் சொன்ன அளவு ஃபகிள்ஸ் 4.5%, கென்ட் கோல்டிங்ஸ் 5%, ஸ்டைரியன் 4% என்று வைத்துப் போட்டது.

1469 நிற்பது உண்மைதான். கட்டி கட்டியாகத் திரண்டு மேலே தடித்த பாலாடை போல மிதக்கும், பிறகு சட்டென்று அடியில் படியும். 1.016-இல் நின்றுவிட்டால் சுத்தப்படுத்திய கரண்டியால் காற்று புகாமல் மெதுவாகக் கிளறி, 21 டிகிரிக்கு ஏற்றுங்கள். எஃப்.ஜி. 1.010-1.011 வர வேண்டும், அப்போது 4.1%க்குக் கிட்டே நிற்கும். அசல் பாட்டிலில் 4.1%, காஸ்கில் 4.3%. 1.016-இல் பாட்டிலில் அடைக்கவே கூடாது. மிஞ்சும் ஒவ்வொரு புள்ளியும் (0.001) சுமார் அரை வால்யூம் வாயு. ஐந்து புள்ளி என்றால் பாட்டில் வெடிக்கும்.

எஃப்.ஜி. வந்த பிறகும் இரண்டு மூன்று நாள் அதே சூட்டில் விடுங்கள். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் டையசெட்டைல் தங்கி, ஆரஞ்சுக்குப் பதில் வெண்ணெய் வாசம் வரும்.

பழையகெட்டில்:

கருப்பு மால்ட் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மேஷிலிருந்து முதலில் வடியும் 3 லிட்டரைத் தனிப் பாத்திரத்தில் 750 மில்லியாகச் சுண்டவிட்டு கெட்டிலில் சேர்த்துப் பாருங்கள். நிறம் கொஞ்சம் வெளிறித்தான் வரும், ஆனால் அந்த மெல்லிய கேரமல் இதில்தான் கிடைக்கும். கடைசிக் கால் மணி நேரம் அடுப்பை விட்டு நகராதீர்கள், அடிப்பிடித்தால் முழு கெட்டிலும் பாழ்.

ஐசிங்கிளாஸ் (பீரைத் தெளியவைக்கும் மீன் பசை) தேவையில்லை, இந்த ஈஸ்ட் தானாகவே தெளியும். கொதியின் கடைசி 15 நிமிடத்தில் புரோட்டாஃப்ளாக் (வோர்ட்டைத் தெளியவைப்பது) அரை மாத்திரை போதும்.

பாலிபின்னில் இருந்து ஊற்றினால் நுரை நிற்காது. யார்க்ஷயரில் கைப்பம்பின் முனையில் மாட்டும் ஸ்பார்க்ளர்தான் அந்தத் தடித்த நுரையைத் தருகிறது. வீட்டில் ஊசி இல்லாத 10 மில்லி மருந்து சிரிஞ்ச் போதும். கோப்பையிலிருந்து பீரை உறிஞ்சி, வேகமாக உள்ளேயே பீய்ச்சுங்கள். வாயு கொஞ்சம் வெளியேறும், பீர் மிருதுவாகும், நுரையும் கடைசி மடக்கு வரை நிற்கும்.