லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர்: அம்பாசடருடையதா, வேறு வண்டியுடையதா?

மார்க்டூ_வேலூர்:
சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு வரிசையாக மின்சாரத்தைப் பங்கிடும் சாதனம்) இது. அம்பாசடர் ஓஎச்வி (வால்வுகள் மேலே இருக்கும்) இன்ஜினுடையது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மார்க் 2, 1489 சிசி இன்ஜினில் போட வேண்டும். கேப்பில் லூகாஸ் டிவிஎஸ் என்று இருக்கிறது. அலுமினிய உடம்பில் 25டி4 என்ற குத்தெழுத்து தெளிவாகத் தெரிகிறது. அதன் கீழே 408?7, பக்கத்தில் ஏ என்ற எழுத்து, அப்புறம் 17 63. நான்காவது இலக்கம் தேய்ந்துவிட்டது. இது சென்னைப் பாடி ஊரில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் ஆலையில் செய்ததா, இங்கிலாந்தில் இருந்து வந்ததா? எந்த வண்டிக்கானது?

டைமிங்_லைட்:
கேப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கேப் (மூடி), ரோட்டார் (உள்ளே சுழலும் முனை), பாயிண்ட் (திறந்து மூடும் மின்தொடர்பு), கண்டென்சர் எல்லாம் தேயத் தேய மாற்றுகிற சாமான். அறுபது வருஷத்தில் எத்தனை தடவை மாறியதோ! உடம்பில் குத்திய எண்தான் சாட்சி.

25டி4-இல் கடைசி 4 சிலிண்டர் எண்ணிக்கை. வேக்குவம் (இன்ஜின் உறிஞ்சும் விசையால் ஸ்பார்க்கை முன்கூட்டும் டப்பா) இல்லாத தம்பி 23டி4, மினி கூப்பர் எஸ்ஸில் வந்தது. ஐந்து இலக்க எண்தான் எந்த இன்ஜினுக்கு என்று சொல்லும். ஏ என்பது திருத்த வரிசை. 17 63 தேதி. 17 மாதமாக இருக்க முடியாது, எனவே 1963-ஆம் வருஷம் 17-ஆவது வாரம், அதாவது ஏப்ரல் கடைசி. முதல் எண் 12 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் மாதமா வாரமா என்று குழப்பம் வரும். லூகாஸ் டிவிஎஸ் 1961-லேயே தொடங்கிவிட்டதால் தேதியை மட்டும் வைத்துப் பாடி ஆலையை விலக்க முடியாது. அந்த நான்காவது இலக்கம் தெரிந்தாக வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் தேய்க்கும் பிரஷால் தேயுங்கள். கம்பி பிரஷ், எமரி, மணல் பிளாஸ்டிங் எதுவும் வேண்டாம், இருக்கிற எழுத்தும் போய்விடும். இரும்பு பிளாக் கழுவுகிற காஸ்டிக் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். காய்ந்த பிறகு வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்து மேலோட்டமாகத் துடையுங்கள். பள்ளத்தில் சாக்பீஸ் தங்கும். இருட்டில் டார்ச்சை உடம்போடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பல கோணத்தில் படம் எடுங்கள்.

அது 9 என்றால் 40897, ஆரம்பகால எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி இன்ஜின்.

புஷ்_ஷாஃப்ட்:
உடம்பு எண் கிடைத்தாலும் வேலை பாதிதான். பழைய சாமான் கடையில் இரண்டு மூன்று டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி ஒன்றாகக் கோத்து விற்பது சகஜம். உள்ளே இருப்பதும் அந்த எண்ணுக்கு உரியதுதானா என்று பாருங்கள்.

கேப், ரோட்டாரை எடுத்துவிட்டு வேக்குவம் ஸ்பிரிங்கைத் தட்டிலிருந்து விடுவியுங்கள். பாயிண்ட் தட்டைப் பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, பக்கவாட்டு டெர்மினலோடு சேர்த்துத் தூக்குங்கள். தட்டையும் உடம்பையும் இணைக்கும் மெல்லிய எர்த் கம்பி அறுந்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். விட்டுவிட்டு மிஸ் ஆகும் பல இன்ஜின்களில் குற்றவாளி அதுதான்.

கீழே, பாயிண்டைத் திறக்கும் கேமின் அடித்தட்டில் ஓர் எண் இருக்கும். வேகம் கூடும்போது விரியும் எடைகள் தரும் அதிகபட்ச அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முன்கூட்டும் அளவு) அதுதான், டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரியில். கிராங்க் (இன்ஜினின் முக்கியத் தண்டு) டிகிரிக்கு இரண்டால் பெருக்குங்கள். எடைகளை இழுத்துப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங்கும் வேறு வேறாக, தடித்தது தொளதொளவென்று இருந்தால் பழுது என்று நினைத்து வளைத்து இறுக்கிவிடாதீர்கள். வேகம் கூடிய பிறகுதான் அது வேலைக்கு வரும்.

வேக்குவம் டப்பாவில் மூன்று எண் இருக்கும்: எத்தனை அங்குலப் பாதரசத்தில் தொடங்குகிறது, எத்தனையில் முடிகிறது, எத்தனை டிகிரி. தட்டைத் திரும்ப மாட்டிய பிறகு, டப்பாவில் சிறு குழாய் மாட்டி வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் டயாஃப்ரம் (டப்பாவின் உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது.

மார்க்டூ_வேலூர்:
சாக்பீஸில் தெளிவாகத் தெரிந்துவிட்டது, 9-தான். கேமில் 10. வேக்குவத்தில் 5 13 10, உறிஞ்சினால் நிற்கிறது. ஆனால் ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடுகிறது. அம்பாசடரில் போடலாமா?

டைமிங்_லைட்:
அப்படியானால் சந்தேகமே இல்லை. 40897-க்கு எடையில் கிராங்க் 20 டிகிரி, வேக்குவத்திலும் 20 டிகிரி. உள்ளும் புறமும் ஒத்துப்போகிறது. இங்கிலாந்து லூகாஸ், 8.8 கம்ப்ரஷன் எம்ஜிபிக்கானது. கம்ப்ரஷன் குறைந்த எம்ஜிபிக்கு 40916 என்று தனி எண். உடம்பு அதேதான், உள்ளே அட்வான்ஸ் வேறு.

அம்பாசடர், எம்ஜிபி இரண்டின் இன்ஜினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரீஸ் குடும்பம், ஸ்பார்க் வரிசை 1-3-4-2, ரோட்டார் இடஞ்சுழி. அதனால் உங்கள் இன்ஜினில் உட்கார்ந்துவிடும், வண்டியும் கிளம்பும். பொருந்துகிறது என்பதால் சரியானது ஆகிவிடாது. உங்களுடையது போன்ற கம்ப்ரஷன் குறைந்த இன்ஜினில் எரிதல் மெதுவாக நடப்பதால் அட்வான்ஸ் கூடுதலாகத் தேவை. ஸ்டேட்டிக்கை (இன்ஜின் ஓடாதபோது வைக்கும் டைமிங்கை) ஏற்றி ஈடுகட்டப் போனால் ஸ்டார்ட் செய்யும்போது பின்னுக்கு உதைக்கும். உங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் கேமில் என்ன எண் என்று பாருங்கள். 10 இல்லை என்றால் பழையதையே சீர்செய்யுங்கள். இதை மாற்றாமல் எண்ணோடு பத்திரப்படுத்துங்கள், 1963 எம்ஜிபியைச் சீரமைப்பவர் தேடும் பொருள் இது.

புஷ்_ஷாஃப்ட்:
தற்காலிகமாக ஓட்டுவதில் தவறில்லை, ஆனால் ஆட்டத்தை முதலில் சரிசெய்யுங்கள். ஷாஃப்ட் ஆடினால் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைக்கும் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், டைமிங் நிற்காது. புது வெண்கல புஷ் (ஷாஃப்ட் சுழலும் உறை) போடுமுன் 24 மணி நேரம் இன்ஜின் ஆயிலில் முழுக வையுங்கள். உலர்ந்த புஷ் ஷாஃப்டைச் சீக்கிரம் தின்றுவிடும்.

கீழே டாக்கை (இன்ஜினோடு கோக்கும் நாக்குள்ள துண்டை) கழற்றும் முன், ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்கின் நாக்கு மையத்திலிருந்து விலகியிருக்கும், பிளாக்கில் ஒரே விதமாகத்தான் இறங்கும். ஷாஃப்டில் அதைத் திருப்பி வைத்து, பிடிக்கும் பின்னை (ஆணியை) அடித்தால் ரோட்டார் நேர் எதிரே போய்விடும்.

ஸ்டேட்டிக் வைக்கும்போது மைக்ரோமீட்டர் நட்டை நடுவில் வையுங்கள். 12 வோல்ட் பல்பை டெர்மினலுக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டி இக்னிஷனைப் போடுங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில் எரியும். பிறகு ஓட்டிப் பார்த்து நட்டில் நுணுக்கமாகத் திருத்தலாம், 11 கிளிக் ஏறத்தாழ ஒரு டிகிரி.