சூப்பர்சார்ஜருக்கு முன் பிஸ்டனை மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி:
என்னிடம் இருப்பது 2016 டாட்ஜ் சேலஞ்சர், 6.4 லிட்டர் ஹெமி என்ஜின். 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்த ஆசை. என்ஜினைப் பிரிக்காமல் தப்பிக்க முடியுமா? கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது.

பதில் 1:
நானும் அப்படி நினைத்துத்தான் கையைச் சுட்டுக்கொண்டேன். மூன்றாம் மாதம் எண்ணெய் மூடியைத் திறந்தால் குபுகுபுவெனப் புகை. பிரித்துப் பார்த்தேன், ஆறாவது பிஸ்டனில் இரண்டு வளையங்களுக்கு இடையிலிருந்த விளிம்பு, கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. சூட்டில் வளையம் நீள்கிறது. அதன் முனைகள் ஒன்றையொன்று முட்டினால் வார்ப்புப் பிஸ்டன் தாங்காது. உங்கள் என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது, 10.9. தொழிற்சாலையிலிருந்தே சூப்பர்சார்ஜருடன் வந்த 2015 சேலஞ்சர் ஹெல்கேட் மாடலில் 9.5 தான், பிஸ்டனும் ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி அடித்து உருவாக்கிய, வலுவான வகை). சும்மாவா குறைத்தார்கள்? ஃபோர்ஜ்டு பிஸ்டனும் அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் போடுங்கள். வளைய முனைகளுக்கு இடையிலான இடைவெளியை பிஸ்டனுடன் வரும் அட்டவணைப்படி அரத்தால் ராவுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

பதில் 2:
டியூனிங்கை (என்ஜின் கணினியில் எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் சரிசெய்வது) விட்டுவிட்டீர்களே! எரிபொருள் குறைந்து நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வந்தால் ஃபோர்ஜ்டு பிஸ்டனும் போய்விடும். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் இரண்டுக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள்.

கேட்டவர்:
அந்த நகம் அளவு விளிம்பு கண்ணைவிட்டு அகல மறுக்கிறது. சூப்பர்சார்ஜரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.