டிஸ்க் கோல்ஃப் போட்டி: ஒரு தடவை காசு வாங்கியவர் அமெச்சூரில் ஆடலாமா? தேயிலைக்குள் விழுந்த டிஸ்க்குக்கு என்ன விதி?

கொட்டகலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து மைதானத்தையும் அதற்குப் பின்னால் உள்ள யூகலிப்டஸ் காட்டையும் சேர்த்து ஒன்பது கூடை வைத்து ஒரு டிஸ்க் கோல்ஃப் போட்டி (தட்டு மாதிரி டிஸ்க்கை எறிந்து, குறைந்த எறிகளில் சங்கிலிக் கூடையில் போடும் ஆட்டம்) நடத்தப் போகிறோம். கூடைகளை ஹட்டனில் ஒரு வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தோம், தட்டின் விளிம்பு தரையிலிருந்து 82 சென்டிமீட்டர், சங்கிலியும் சரியாகப் பிடிக்கிறது. அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை எல்லாம் ஆட்கள் பெயர் கொடுக்கும் இடத்தில்தான்.

இரண்டு பிரிவு வைத்திருக்கிறோம். ஓப்பனுக்கு ரொக்கப் பரிசு, அமெச்சூருக்குக் கேடயமும் டிஸ்க்கும். அமெச்சூரில் ஆட மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள், மூன்று பேரைப் பற்றியும் சண்டை. ஒரு அண்ணன் ஃபின்லாந்தில் சில வருஷம் வேலை செய்துவிட்டு வந்தவர், அங்கே பி.டி.ஜி.ஏ. (டிஸ்க் கோல்ஃபுக்கு விதி வகுக்கும் அமைப்பு) போட்டி ஒன்றில் ப்ரோ, அதாவது தொழில்முறை பிரிவில் ஆடி ஒரு தடவை காசு வாங்கியிருக்கிறார், பெரிய தொகை இல்லை, இப்போது ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனுக்கு அவர்கள் கொடுக்கும் எண், 912. இன்னொருவர் மாஸ்டர், பக்கத்துப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு டிஸ்க் எறியச் சொல்லிக் கொடுத்து அதற்குக் கொடுப்பனவு வாங்குகிறார். மூன்றாவது ஒரு தம்பி, வேறு ஊரில் ஓப்பனில் ஆடி இரண்டாம் இடம் வந்தார், ஆனால் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, அதாவது ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக, இருக்கும் நண்பர் ஒருவர், காசுக்குப் பயிற்சி கொடுத்தால் அமெச்சூர் இல்லை, அதனால் மாஸ்டர் கட்டாயம் ஓப்பனில்தான் ஆட வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். மாஸ்டருக்கு மனசு சரியில்லை, வரவே மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?

இன்னொன்று. ஆறாவது கூடைக்கு எறியும்போது வலது பக்கம் முழுக்கத் தேயிலை. ஏழாவது கூடைப் பக்கம் மரத்தில் குளவிக்கூடு வேறு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் என்ன செய்வது?

சங்கிலிச்சத்தம்:

கேடி நண்பர் சொல்வது பந்து கோல்ஃபின் விதி. அங்கே காசுக்குப் பயிற்சி கொடுத்தால், சில விலக்குகள் தவிர, அமெச்சூர் நிலை போய்விடும், அது உண்மை. பரிசுக்கும் அவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள், 2022இல் விதியை மாற்றி எழுதியபோது அதை 700 பவுண்ட், அதாவது 1000 அமெரிக்க டொலர் என்று ஆக்கினார்கள். ஆனால் டிஸ்க் கோல்ஃபுக்கு வேறு அமைப்பு, வேறு விதி. கூடையையும் சங்கிலியையும் கொண்டுவந்த எட் ஹெட்ரிக் 1976இல் தொடங்கியதுதான் பி.டி.ஜி.ஏ., அது பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ப்ரோ பிரிவில் ஆடி ரொக்கம் வாங்கினாயா இல்லையா. பயிற்சிக்குக் காசு வாங்கினாலும், யாராவது டிஸ்க் கொடுத்து ஆதரித்தாலும், அமெச்சூர் அமெச்சூர்தான். மாஸ்டரைத் தயவுசெய்து இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒருவரை அதையே காரணம் காட்டி ஒதுக்குவது பெரிய அநியாயம்.

தம்பிக்கும் சிக்கல் இல்லை. அமெச்சூர் ஒருவர் ப்ரோ பிரிவில் ஆடலாம், காசு வரும் இடத்தில் முடித்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம், அந்தப் பணம் அடுத்த இடத்தில் இருப்பவருக்குப் போகும். வேண்டாம் என்றது பேச்சோடு நிற்காமல் முடிவுப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. தொடக்க இடத்திலிருந்து ஒரே எறியில் கூடையில் போட்டவருக்கு எல்லோரும் சேர்த்துக் கொடுக்கும் காசு, கூடைக்கு மிகக் கிட்ட எறிந்தவருக்கான பரிசு, இதெல்லாம் இந்தக் கணக்கில் வராது, அமெச்சூரும் வாங்கலாம்.

ஃபின்லாந்து அண்ணன் விஷயம்தான் யோசிக்க வேண்டியது. காசு வாங்கியதால் அவர் ப்ரோ, தொகை சின்னதா பெரியதா என்பது கணக்கில்லை. திரும்ப அமெச்சூராக வேண்டுமென்றால் பி.டி.ஜி.ஏ.விடம் எழுதிக் கேட்க வேண்டும். ஆனால் ப்ரோ என்பதற்காக அமெச்சூர் பிரிவு முழுதாக மூடப்பட்டது என்றும் இல்லை, ரேட்டிங் 970க்குக் கீழே இருக்கும் ப்ரோ ஒருவரை அமெச்சூரின் மேல் பிரிவான அட்வான்ஸ்டில் ஆட விடுகிறார்கள். அமெச்சூர் உலகப் போட்டி போன்ற பெரியவற்றில் விட மாட்டார்கள். 912 வைத்திருப்பவர் அட்வான்ஸ்டில் ஆடலாம். உங்களிடம் இருப்பது ஒரே அமெச்சூர் பிரிவு, அதனால்தான் முட்டுகிறது.

மேட்டுலயம்:

விதி என்ன சொல்கிறது என்பது சரி, அங்கே மைதானத்தில் நிற்கப் போவது யார் என்றும் பாருங்கள். எங்கள் பையன்களில் பாதிப் பேரிடம் இருப்பது ஒரே ஒரு டிஸ்க். அதாலேயே டீயிலிருந்து, அதாவது எறியத் தொடங்கும் இடத்திலிருந்து, எறிகிறார்கள், அதாலேயே கூடைக்கும் போடுகிறார்கள், விளிம்பெல்லாம் கல்லில் பட்டுத் தேய்ந்து நகம் வைத்தால் மாட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் தோளில் பை நிறைய தூரத்துக்கு டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கிட்டத்துக்குப் புட்டர் என்று விதவிதமான டிஸ்க் கொண்டுவந்து அதே வரிசையில் நின்றால் அந்தப் பிள்ளைகள் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பார்களா? 900க்குக் கீழே, 850க்குக் கீழே என்று பி.டி.ஜி.ஏ. இன்னும் பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தானே. நம்மிடம் ரேட்டிங் இல்லை, அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஆடினால்தான் ரேட்டிங் வரும். அதனால் அண்ணன் நல்ல மனிதராகவே இருக்கட்டும், இந்தத் தடவை ஓப்பனில் ஆடட்டும். தோட்டத்து கிரிக்கெட்டில் வெளி ஆளை இறக்கி எத்தனை அடிபிடி பார்த்திருக்கிறோம், அது இங்கேயும் வர வேண்டாம்.

கொட்டகலைக்காரன்:

நன்றி. மாஸ்டரிடம் இப்போதுதான் பேசினேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மேட்டுலயம் அண்ணன் சொல்வதும் நியாயம், ஆனால் ஃபின்லாந்து அண்ணனுக்கு வயது 41, ஓப்பனில் இருபது வயதுப் பையன்களோடு எறிய முடியாது என்கிறார்.

சங்கிலிச்சத்தம்:

அப்படியென்றால் வயதுப் பிரிவு வையுங்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 40 நிறைந்தால் போதும், பிறந்தநாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதில் நாலைந்து பேர் சேர்ந்தால் அண்ணனுக்கும் கௌரவமான இடம் கிடைக்கும். ஆள் சேராவிட்டால் ஓப்பன்தான்.

எது செய்தாலும் பெயர் எடுக்கும் முன்பே அறிவித்தலில் எழுதுங்கள். யாரோ ஜெயித்த பிறகு தகுதி பேசினால் அது அந்த ஆளைப் பற்றிய பேச்சாகிவிடும், எவ்வளவு நியாயமாக முடிவெடுத்தாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பெயர் கொடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள், ப்ரோ அல்லது ஓப்பன் பிரிவில் ரொக்கம் வாங்கியிருக்கிறீர்களா என்று, பதிலுக்குக் கீழே கையெழுத்து வாங்குங்கள்.

ஹப்புத்தளை மூடுபனி:

கோர்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே. தேயிலையை ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே என்று அறிவியுங்கள், இதில் இரண்டாவது யோசனை வேண்டாம். டிஸ்க் முழுவதும் ஓபிக்குள் கிடந்தால்தான் ஓபி, கொஞ்சம் பாதையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் உள்ளேதான். ஓபி என்றால் ஒரு எறி தண்டனை, கடைசியாகக் கோட்டைத் தாண்டிய இடத்திலிருந்து உள்ளே ஒரு மீட்டர்வரை வந்து அடுத்ததை எறியலாம். தேயிலைக்குள் நின்று எறிய விட்டால் கிளை முறியும், அதுவும் கவ்வாத்து வெட்டிய மலை என்றால் வெட்டிய கட்டை காலைக் கிழித்துவிடும். கோடு எது என்பதில் சண்டை வராமல் முதல் நிரைச் செடிக்கு முன்னால் கயிறு கட்டுங்கள், கான் (வடிகால்) ஓரத்தைக் கோடாக வைக்காதீர்கள், மழையில் அது இடிந்து ஓரமே மாறிவிடும்.

அப்புறம், போட்டி நாளில் அந்த மலையில் கொழுந்து எடுக்கும் வேலை இல்லை என்பதைத் தோட்டத்தில் பேசி உறுதி செய்யுங்கள். வேகமாக வரும் டிரைவர் டிஸ்க் ஒன்று கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக் குனிந்து நிற்கும் அம்மா மேல் பட்டால் மண்டை உடையும். ஆள் நிற்கிறார்கள் என்றால் எறியக்கூடாது, அவ்வளவுதான்.

குளவிக்கு விதியிலேயே வழி உண்டு. தீங்கு செய்யும் பூச்சி, விலங்கு பக்கத்தில் டிஸ்க் விழுந்தால் தண்டனையில்லாமல் கூடையிலிருந்து நேர்கோட்டில் பின்னால், தொல்லையில்லாத மிகக் கிட்டிய இடத்துக்கு நகரலாம். ஆனால் நம் ஊரில் குளவி கொட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள், அந்தக் கொஞ்ச நகர்வு எந்த மூலைக்கு? கூடையையே வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

மூடுபனிக்கு ஒவ்வொரு நீளமான கூடைக்கும் பாதி வழியில் ஒரு ஆள் கொடியோடு நிற்க வேண்டும். டிஸ்க் தேட மூன்று நிமிடம்தான் தருகிறார்கள், பனியில் அது போதாது, காணாமல் போனால் அதற்கும் ஒரு எறி தண்டனை. யூகலிப்டஸில் மாட்டினால் இரண்டு மீட்டருக்கு மேல் தண்டனை உண்டா இல்லையா என்பதும் நடத்துகிறவர் முன்கூட்டியே சொன்னால்தான் செல்லும், சொல்லாவிட்டால் தண்டனை கிடையாது. ஒக்டோபர், நவம்பரில் வைப்பதென்றால் காலையிலேயே தொடங்குங்கள், பிற்பகலில் இடி இடிக்கும்போது இரும்புக் கூடைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கொழும்பிலிருந்து ஆட வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உயரத்தில் காற்று லேசு, அங்கே நேராகப் போன டிஸ்க் இங்கே சீக்கிரமே சாய்ந்து இறங்கும்.

மேட்டுலயம்:

40 வயதுப் பிரிவு நல்ல யோசனை, எங்கள் லயத்திலிருந்தே இரண்டு பேர் அதற்கு வருவார்கள். இனி எனக்கு மறுப்பு இல்லை.

கொட்டகலைக்காரன்:

குழுவில் பேசி முடிவெடுத்தோம். ஓப்பன், 40க்கு மேல், அமெச்சூர் என்று மூன்று பிரிவு. ஓப்பனுக்கு மட்டும் ரொக்கம். மாஸ்டரும் தம்பியும் அமெச்சூரில், ஃபின்லாந்து அண்ணன் 40க்கு மேல், அவரே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தன் பழைய டிஸ்க் சிலதையும் தருவதாகச் சொன்னார். ஆறாவது கூடைக்குக் கயிறு கட்டுகிறோம், ஏழாவதை மைதானத்தின் மறுபக்கத்துக்கு மாற்றுகிறோம். இரண்டு மீட்டர் தண்டனை வைக்கவில்லை. அறிவித்தல் நாளைக்கு ஒட்டுவோம், 40க்கு மேல் ஆட விருப்பமானவர்கள் இங்கேயே சொல்லுங்கள், இன்னும் இரண்டு பேர் வேண்டும்.