ராணுவ அதிகாரிப் பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் பணம் திருப்பிக் கட்டிய அனுபவம்

கொடுமுடிக்காரன்:

கடிதம் வந்தது பங்குனி மாதத்தில். அப்பா களத்தில் மஞ்சளை மெருகேற்றிக்கொண்டிருந்தார். காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் விளைகிற மஞ்சளைத் தோண்டி, வேகவைத்து, களத்தில் பரப்பி நன்றாகக் காய்ந்த பிறகு உருளையில் போட்டுச் சுற்றுவோம். அந்த நாட்களில் வீட்டில் எல்லோருடைய கையும் காலும் மஞ்சளாகவே இருக்கும். தபால்காரர் பதிவுத் தபாலை நீட்டியதும் அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தார். கடிதத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை மஞ்சளாகப் பதிந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் நீட்டினார். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கு அரசு செலவிட்ட தொகை ஏழு லட்சத்து எழுபதாயிரத்துச் சொச்சம், அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது.

எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. என் அனுபவம் யாருக்காவது பயன்பட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அமராவதி நகர் சைனிக் பள்ளியில் படித்தவன். 1962-ல் தொடங்கிய பள்ளி. அணையும் மலையும் பார்த்துக்கொண்டே வளர்ந்த எங்களில் பெரும்பாலோருக்கு அதிகாரி ஆவதைத் தவிர வேறு கனவு கிடையாது. எழுத்துத் தேர்வில் தேறினேன். ஐந்து நாள் நேர்முகத் தேர்விலும் தேறினேன். அகாடமியில் சேருகிற நேரத்தில் முத்திரைத்தாளில் ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பாவும் என் தாய்மாமனும் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள். எங்கே கையெழுத்து என்று கேட்டார்களே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் படித்துச் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பதினேழு வயது. ரயில் டிக்கெட் கையில் இருந்தது.

அந்தப் பத்திரத்தின் சாரம் ஒன்றும் ரகசியம் இல்லை. தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வுக்கு யூ.பி.எஸ்.சி. வெளியிடும் அறிவிப்பின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது. தவறான விவரம் கொடுத்தாலோ, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டாலோ, தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது அல்லாத எந்தக் காரணத்துக்காகவும் பயிற்சியை முடிக்காமல் போனாலோ, பயிற்சி முடித்து அதிகாரிப் பொறுப்பை ஏற்க மறுத்தாலோ, பயிற்சிக்காக அரசு செலவிட்ட தொகைக்கு மிகாமல் அரசு நிர்ணயிக்கும் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பெற்ற சம்பளம், படி ஆகியவற்றையும், அரசுக் கடனுக்குரிய வட்டியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பொறுப்பு மாணவனுக்கும் ஜாமீன்தாரர்களுக்கும் கூட்டாகவும் தனித்தனியாகவும் உண்டு. இந்தக் கடைசி வரிக்கு என்ன பொருள் என்று அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்பது பொருள்.

ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டப் பயிற்சியில் கீழ்க்கால் எலும்பில் விரிசல் விழுந்தது. ஆறி, மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. ஒரு பருவம் பின்னுக்குத் தள்ளப்பட்டேன். என்னோடு சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். இளையவர்களோடு நிற்க வெட்கமாக இருந்தது. மருத்துவக் குழுவின் முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது. மூத்த மாணவர் ஒருவர், "மெடிக்கல் போர்டு முடியட்டும், அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே" என்று இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஒரு வரிக்குத்தான் நாங்கள் விலை கொடுத்தோம். மருத்துவக் குழு என்னைத் தகுதியற்றவன் என்று அனுப்பியிருந்தால் அது என் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம். பணம் கேட்டுக் கடிதமே வந்திருக்காது. காலில் வலி இருக்கும்போது மனத்திலும் வலி இருக்கிறது. அந்த நிலையில் யாரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கடிதம் வந்த அன்று அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. "உன் மாமன் பெயரும் இதில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. பணத்தைவிட மச்சினன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது. மறுநாள் மாமா சிவகிரியிலிருந்து மொபெட்டில் வந்தார். நான் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போட்டது நானும்தான் மச்சான். நீங்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டால் எப்படி?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, கால் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நான் வீட்டுக்கு வந்து நான்கு மாதத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. தேர்த் திருவிழாவில், "பட்டாளத்திலிருந்து ஓடி வந்தவன்" என்று என் காதுபடவே சொன்னார்கள். அம்மா அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு தேர் பார்க்க வரவில்லை.

பணம் கட்டிய விவரத்துக்கு வருகிறேன். முதலில் கணக்கைக் கேட்டேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எவ்வளவு, வட்டி எந்த நாளிலிருந்து என்று பட்டியல் கேட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. நான் விலகி வீட்டுக்கு வந்த பிறகான பதினொரு வாரத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். விலகல் ஆணையின் நகலையும் ரயில் டிக்கெட்டின் நகலையும் வைத்து மறுபடி எழுதினேன். திருத்திய கணக்கில் எண்பதாயிரத்துக்கு மேல் குறைந்தது. முதல் கடிதத்தைப் பார்த்த பயத்தில் அப்படியே கட்டியிருந்தால் அந்தப் பணம் போயிருக்கும்.

தவணை கேட்டும் எழுதினோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வருமானச் சான்றும் நிலத்தின் சிட்டா நகலும் இணைத்தோம். முதலில் ஒரு பெரிய தொகை, மீதி பதினெட்டுத் தவணை என்று ஒத்துக்கொண்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காதவர்களுக்குக் கிடைக்காது.

அந்த முதல் தொகைக்காக அப்பா விலை ஏறட்டும் என்று கிடங்கில் போட்டு வைத்திருந்த நாற்பது மூட்டை மஞ்சளை எடுத்தார். ஈரோடு மஞ்சள் சந்தை ஏலத்தில் நானும் கூட நின்றேன். விரலி தனி, கிழங்கு தனி. வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்நிறத்தைப் பார்த்துவிட்டு விலை சொன்னார். அப்பா எதிர்பார்த்து வைத்திருந்த விலை அது இல்லை. "சரி, எடையைப் போடுங்கள்" என்றார். அவர் பேரம் பேசாமல் விற்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மீதியை நான் கட்டினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டே அஞ்சல் வழியில் பி.காம். படித்தேன். மாதம் பத்தாம் தேதிக்குள் டி.டி. எடுத்து அனுப்பிவிடுவேன். கடைசித் தவணை முடிந்ததும் நிலுவை இல்லை என்று எழுத்தில் சான்று கேட்டு வாங்கினேன். பிறகு வேறொரு அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது, பயிற்சியை விட்டது ஏன், பாக்கி ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அரசு எனக்குச் செலவு செய்த பணத்தைத் திருப்பிக் கேட்டது அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. சோறு போட்டார்கள், உடுத்தக் கொடுத்தார்கள், குதிரையேற்றம்வரை கற்றுத் தந்தார்கள். பதினேழு வயதுப் பையனையும் அவனுக்காக நிலத்தைப் பணயம் வைக்கிற பெற்றோரையும் உட்காரவைத்து அந்தப் பத்திரத்தைத் தமிழில் படித்துக் காட்ட ஒருவர்கூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கோபிப் பெண்:

அண்ணா, எங்கள் வீட்டில் விஷயம் நேர் எதிராக வந்தது. நான் விட விரும்பவில்லை. உறவினர்கள்தான் விட வைக்கப் பார்த்தார்கள்.

பட்டப்படிப்பு முடித்து சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்ந்தேன். 49 வாரப் பயிற்சி. பாதியில் விடுமுறைக்கு வந்தபோது ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், தோட்டம் தொரவு உண்டு, மாப்பிள்ளை கோயம்புத்தூரில் வேலை. அவர்களுக்கு அவசரம். "இப்போதைக்குப் பதிவு மட்டும் செய்து வைப்போம், சீர் செனத்தி எல்லாம் பயிற்சி முடிந்த பிறகு செய்துகொள்ளலாம்" என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. என் பெரியப்பாகூட ஒத்துக்கொண்டார்.

நான் தேர்வு அறிவிப்பை எடுத்துவந்து கூடத்தில் எல்லோர் முன்னாலும் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பயிற்சிக் காலத்தில் திருமணம் செய்துகொண்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அரசு செலவழித்த அவ்வளவையும் திருப்பிக் கட்ட வேண்டும். மாதம் 56,100 ரூபாய் எனக்கு வந்துகொண்டிருந்ததையும் சொன்னேன். அப்பாரு, அதாவது என் தாத்தா, கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். "பதிவு செய்தாலும் கல்யாணம்தானே கண்ணு?" என்றார். ஆமாம் என்றேன். "அப்புறம் என்ன பேச்சு? பிள்ளை முடித்துவிட்டு வரட்டும்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வரன் நிற்கவில்லை. நான் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்ட நாளில் அப்பாருவுக்கு உடம்பு முடியவில்லை, வர இயலவில்லை. சீருடையோடு வீட்டுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

பெண் பிள்ளை பயிற்சியில் இருக்கிற வீட்டுக்காரர்கள் இந்த விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அவள் அவ்வளவு தூரம் ஓடி வந்த ஓட்டம் அது.

சென்னிமலைத் தம்பி:

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. என் அக்கா குடும்பம் அங்கே இருக்கிறது. அங்கேயே பிறந்த அக்கா மகன், ஆர்.ஓ.டி.சி. என்கிற அதிகாரிப் பயிற்சித் திட்டத்தில் நான்கு ஆண்டு உதவித்தொகை பெற்றுக் கல்லூரியில் சேர்ந்தான். கல்லூரிக் கட்டணத்தை ராணுவம் கட்டும். பட்டம் முடித்ததும் அதிகாரியாகப் பணியாற்ற வேண்டும். முதல் ஆண்டோடு விலகினால் கடன் இல்லை. இரண்டாம் ஆண்டு வகுப்பில் காலடி வைத்துவிட்டால் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். அவன் மூன்றாம் ஆண்டில் விலகினான்.

பணத்தைக் கட்டுகிறேன் என்று அவனாகவே முடிவு செய்துவிட முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பணமாகத் திருப்பிக் கட்ட வேண்டுமா, அதிகாரி அல்லாத சாதாரண வீரனாகச் சேர்ந்து பணியாற்ற வேண்டுமா என்று ராணுவம்தான் முடிவு செய்கிறது. விசாரணை நடந்தது, மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் பணம் என்று வந்தது. அவர்களுடைய பாதுகாப்புத் துறை நிதி அலுவலகம் வசூலிக்கிறது, வட்டியும் உண்டு. மருமகன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அக்கா தொலைபேசியில் அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். "உதவித்தொகை என்றார்கள், உதவி என்றுதானே நினைத்தேன்." எனக்கு அது மறக்கவில்லை. நம் வீடுகளில் உதவித்தொகை என்றால் மதிப்பெண்ணுக்குக் கிடைத்த பரிசு என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். இது உழைப்பாகவோ பணமாகவோ திருப்பித் தர வேண்டிய தொகை. அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

தாராபுரத்து அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்குச் சேர்க்கைக் கடிதம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை பத்திரம் எழுத வேண்டும். என் பங்காளி ஒருவர் ஜாமீன் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் படித்த பிறகு கை நடுங்குகிறது. மகனை அனுப்பலாமா, வேண்டாமா? கொடுமுடித் தம்பி சொல்ல வேண்டும்.

கொடுமுடிக்காரன்:

அண்ணா, தாராளமாக அனுப்புங்கள். பயந்து நிறுத்திவிட்டால் அவன் ஆயுள் முழுக்க உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும். நான் விட்டு வந்தவன்தான், ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுதான் என்னை ஆளாக்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் பங்காளியை வீட்டுக்கு அழையுங்கள். மகனைவிட்டே பத்திரம் முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்கிற இடத்தில் நிறுத்தி, பங்காளிக்குப் புரிந்ததா என்று கேளுங்கள். புரிந்த பிறகு அவர் தயங்கினால் வருத்தப்படாதீர்கள், வேறு ஆளைப் பாருங்கள். மகனிடம் தனியாக, "உடம்புக்கு ஏதாவது வந்தால் முதலில் எனக்குச் சொல், எதையும் எழுதிக் கொடுக்கும் முன் என்னைக் கூப்பிடு" என்று சொல்லி அனுப்புங்கள். என் அப்பா அப்படிச் சொல்லியிருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன்.

கையெழுத்துப் போட்ட பிறகு பத்திரத்தை நகல் எடுத்து பீரோவில் வையுங்கள். எங்களிடம் நகல் இல்லை. கேட்டு வாங்கவே ஆறு வாரம் ஆயிற்று, அந்த ஆறு வாரமும் அப்பா தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.