மும்பை லோக்கல் ரயில் ரேடியோ, சிக்னலைப் புதுப்பிக்கும் செலவு யார் தலையில்?

தாராவி செல்வம்:
2021 ஜூனில் ரயில்வேக்கு 700 மெகாஹெர்ட்ஸில் 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மத்திய அமைச்சரவை ஒதுக்கியது, செலவு 25,000 கோடிக்கு மேல் என்றார்கள். வண்டி ஓட்டும் மோட்டார்மேனும் கார்டும் கண்ட்ரோல் ரூமும் தடையில்லாமல் பேச, அந்த அலைவரிசையில் ஓடும் எல்டிஇ (4ஜி) ரேடியோ வேண்டும், சரி. ஆனால் பணம் கடைசியில் டிக்கெட்டில் வந்து விழுமா? எங்கள் பக்கம் பாதிப் பேர் தினக்கூலி, அஞ்சு ரூபாய் டிக்கெட் பத்து ரூபாய் ஆனால் மாசக் கணக்கே இடிக்கும். அப்புறம், செல்போன் டவர்தான் எங்கும் இருக்கிறதே, தனியாக எதற்கு?

சயான் மணி:
தனியாகத்தான் வேண்டும் அண்ணாச்சி. மழையில் வண்டி நின்றதும் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் வீட்டுக்கு போன் போடுவார்கள், மோட்டார்மேன் பேச வேண்டிய நேரமும் அதேதான். 2012இல் சீனாவில் ஷென்சென் மெட்ரோ, பயணிகளின் வைஃபை அதன் சிக்னலில் குறுக்கிட்டே நின்றுபோனது.

செம்பூர் ராதா:
செல்வம் அண்ணா, நீங்கள் ஏற்கனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சீசன் டிக்கெட் கட்டணத்தில் எம்யுடிபி (மும்பை நகர்ப் போக்குவரத்துத் திட்டம்) சர்சார்ஜ் என்று ஒரு கூடுதல் கட்டணம் சேர்கிறது. எம்யுடிபி திட்டங்களில் ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதி, அதோடு வெளிநாட்டுக் கடன்: முதல் கட்டத்துக்கு உலக வங்கி, மூன்றாம் கட்டத்துக்கு ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியின் 50 கோடி டாலர். 2019 மார்ச்சில் ஒப்புதலான 3ஏ கட்டம் மட்டும் 33,690 கோடி, அதில்தான் ரேடியோ வழியே வண்டிகளைக் கட்டுப்படுத்தும் சிபிடிசி சிக்னலும் இருந்தது. கடன் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ரயில் பெட்டி 25 வருஷம் ஓடும், ரேடியோ கருவி அவ்வளவு நாள் தாங்காது. ஐரோப்பாவில் ஜிஎஸ்எம்-ஆர் என்ற பழைய ரயில் ரேடியோவுக்கு 2030களோடு சரி, அதற்குமேல் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதுதான். கடன் அடைவதற்குள் கருவி பழசாகிவிடும், மறுபடி கடன் வாங்குவதா?

டோம்பிவிலி பெரியவர் (சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு):
ராதாம்மா சொன்னதுதான் விஷயம். கார்டு ரெண்டு பெல் அடித்தால் வண்டி கிளம்பும், ஒன்று அடித்தால் நிற்கும். அந்தச் சாதாரண பெல்லுக்கே பேட்டரி பார்க்க ஆள் வேண்டும். மழைக்கு முன்னால் ஒவ்வொரு கேபிள் ஜாயிண்டையும் திறந்து, ஈரம் துடைத்து, அளந்து பார்த்து மூட வேண்டும். திட்டப் பணத்தில் கருவி வரும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் வராது, அது வேறு கணக்கு. பழசானதை மாற்றுவதற்கென்றே தேய்மான ஒதுக்கு நிதி இருக்கிறது, அதில் போதுமான பணம் போடுவதில்லை என்று அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி பல வருஷமாக எழுதி வருகிறது. டெண்டரிலேயே பராமரிப்பையும் சேர்த்துப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள் தம்பி, அரசாங்கம்தான் கொடுக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதற்கு கூலிக்காரனிடம் ஏன் வாங்க வேண்டும்?

தாராவி செல்வம்:
சர்சார்ஜ் பற்றி எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது ஐயா. அதில் எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு பராமரிப்புக்கு என்று ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு போடுகிறேன். மராத்தியில் எழுதித் தர யாராவது?

செம்பூர் ராதா:
நான் எழுதித் தருகிறேன். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்தான், தேய்மான நிதியையும் அதே மனுவில் கேட்டுவிடலாம்.