21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் 0.8 என்றால் கருமுட்டையே வெளியாகவில்லை என்று அர்த்தமா?

நொய்யல்கரை எழுதியது:

எனக்கு வயது 29. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் குழந்தை இல்லை. பெரியவளான நாளிலிருந்தே எனக்கு மாதவிடாய் 34 முதல் 36 நாளுக்கு ஒருமுறைதான் வரும். தள்ளிப்போகாது, முந்தியும் வராது. போன மாதம் 21ஆம் நாள் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். புரோஜெஸ்டிரோன் 0.8 என்று வந்தது. "முட்டை வெளியாகவில்லை" என்று ஒரே வரியில் சொல்லி, அடுத்த மாதவிடாயிலிருந்து சாப்பிட மாத்திரை எழுதித் தந்தார்கள். அன்றிலிருந்து மாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 12ஆம் நாள் முதல் 16ஆம் நாள் வரை முக்கியம் என்று படித்து, ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் இருந்துவருகிறோம். அந்த 0.8க்கு உண்மையில் என்ன பொருள்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

சோதனைக்குழாய் எழுதியது:

சகோதரி, நான் ஹார்மோன் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் அல்ல. ஆனால் இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் சொல்கிறேன்: உங்கள் இரத்தத்தை எடுத்த நாள் உங்களுக்குப் பொருந்தாத நாள்.

21ஆம் நாள் என்ற கணக்கு 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கானது. முட்டை வெளியான பிறகு கூடும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் உச்சத்துக்கு வருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஏழு நாள் முன்பு. 28இல் ஏழு போனால் 21. உங்களுக்கு 35இல் ஏழு போனால் 28. அந்த ஒரு வாரத்தில் எல்லாமே மாறிவிடும்.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை விட்டுவிட்டுச் சுரக்கிறது. இந்த இடைவெளி மிக முக்கியம். எர்ன்ஸ்ட் நோபில் என்பவரின் குழு 1970களில் ரீசஸ் குரங்குகளுக்கு அதே ஹார்மோனை இடைவெளியே இல்லாமல் செலுத்திப் பார்த்தது. அதன் ஆணையை ஏற்கும் பிட்யூட்டரி சுரப்பி ஓய்ந்துபோனது. மணிக்கு ஒருமுறை கொடுத்தபோது மறுபடி வேலை செய்தது. அப்படி விட்டுவிட்டு வரும் ஆணைக்குப் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எஃப்.எஸ்.எச். சூலகத்தில் சில முட்டைப்பைகளை வளர்க்கிறது. அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு ஈஸ்ட்ரோஜனைப் பெருக்குகிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவுக்கு உயர்ந்து இரண்டு நாள் போல அங்கேயே நின்றால்தான் எல்.எச். பொங்கி எழும். அது எழத் தொடங்கிய ஒன்றரை நாளில் முட்டை வெளியாகும்.

முட்டைப்பை முதிர எடுத்துக்கொள்ளும் காலம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்திக்கு 11 நாள், இன்னொருத்திக்கு 14, உங்களுக்கு 21 ஆகலாம். சுழற்சி நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் இந்த முதல் பாதியில்தான்.

முட்டை போன பிறகு, அது இருந்த பை மஞ்சள் நிறத் திசுவாக மாறும். பாடப்புத்தகத்தில் கார்பஸ் லூட்டியம் என்று படித்திருப்பீர்கள். புரோஜெஸ்டிரோனைத் தருவது அதுதான். கரு தங்கி எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் வந்து காப்பாற்றாவிட்டால், அதன் ஆயுள் ஏறத்தாழ 14 நாள். பிறகு அது சுருங்கும், புரோஜெஸ்டிரோன் விழும், கருப்பையின் உட்சுவர் உதிரும். இந்தப் பின்பாதி அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே முட்டை வெளியாகும் நாளை முன்னாலிருந்து எண்ணக் கூடாது, பின்னாலிருந்துதான் எண்ண வேண்டும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 35இல் 14 போனால் 21. அதாவது, முட்டை வெளியாகக்கூடிய நாளை ஒட்டியே உங்களைக் குத்தி இரத்தம் எடுத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கார்பஸ் லூட்டியமே உருவாகியிருக்காது. 0.8 வராமல் வேறு என்ன வரும்? சரியான நாளில் எடுத்து ஒரு மில்லிலிட்டரில் 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது என்று கொள்ளலாம். உங்கள் அறிக்கை அதை உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட 12 முதல் 16 வரையும் இதே காரணத்தால் முன்கூட்டிப் போய்விட்டது. விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கலாம், முட்டைக்கோ ஒரு நாள்தான். உங்களுக்கு 16ஆம் நாள் முதல் 21 வரைதான் நல்ல நாட்கள்.

ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம். இரத்தத்தில் ஹார்மோனை அவ்வளவு நுணுக்கமாக அளக்கும் வழியை 1950களில் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கண்டுபிடித்தார்கள். 1977இல் நோபல் பரிசு யாலோவுக்கும், ஜி.என்.ஆர்.எச்.ஐப் பிரித்தெடுத்த கிய்மன், ஷாலி இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த ஓர் எண்ணை, சுழற்சி எத்தனை நாள் என்று கேட்காமல் ஒரு பெண்ணின் மேல் எறிவது எனக்குப் பொறுக்கவில்லை.

மருந்துக்கடைக்காரன் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரண்டு ஆண்டு ஆகிறது என்கிறீர்கள், கணவருக்குப் பரிசோதனை செய்ததாக எங்கும் எழுதவில்லையே? என் கடைக்கு மனைவியின் மருந்துச் சீட்டோடு வரும் ஆண்களிடம் நான் இதைத்தான் முதலில் கேட்பேன். பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஓர் ஆண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் இருவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விந்துப் பரிசோதனை மலிவானது, ஊசி கிடையாது. இரண்டு முதல் ஏழு நாள் உறவின்றி இருந்துவிட்டுக் கொடுத்தால் போதும்.

ஆணின் உடலிலும் அதே எஃப்.எஸ்.எச்., எல்.எச். தான். எல்.எச். விரைகளில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. எஃப்.எஸ்.எச். விந்தணுவை வளர்க்கும் செல்களைத் தூண்டுகிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள். அது முதிர்ந்து வெளிவரும் காலத்தையும் சேர்த்தால் மூன்று மாதம். சென்ற மாதம் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதன் பாதிப்பு இப்போதைய அறிக்கையில் தெரியும். விரைகளுக்கு உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு வேண்டும். சாயப்பட்டறையில் பாய்லர் பக்கம் நிற்பவர் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

உடற்பயிற்சிக் கூடத்தில் தரும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறாரா என்றும் கேளுங்கள். வெளியிலிருந்து வந்ததைப் பார்த்து மூளை "போதும்" என்று எல்.எச்.ஐக் குறைத்துவிடும். தசை ஏறும், விரைக்குள் ஹார்மோன் வற்றி விந்தணு நின்றுபோகும். ஆண்மை கூடும் என்று நம்பிப் போட்டு, விந்தணுவே இல்லாமல் வந்த தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. கணவர் சாயப்பட்டறையில்தான் வேலை பார்க்கிறார். இந்தப் பதில்களை அவரிடம் படித்துக் காட்டினேன், பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். அக்கா, இந்த மாதம் நான் என்ன செய்ய வேண்டும்? எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?

சோதனைக்குழாய் எழுதியது:

மாத்திரையைப் பற்றி நான் முடிவு சொல்ல மாட்டேன். கடந்த ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் எழுதி, தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். 35 நாள் சுழற்சி இயல்பான வரம்புக்குள்தான் இருக்கிறது, எனக்கு 28ஆம் நாள் எடுக்க முடியுமா என்று நேராகக் கேளுங்கள். தைராய்டும் புரோலாக்டினும் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் மிகுந்தால் மூளையிலிருந்து வரும் அந்த ஜி.என்.ஆர்.எச். விட்டுவிட்டுச் சுரப்பதே குலைந்துவிடும்.

எல்.எச். பொங்குவதைக் காட்டும் சோதனைப் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். 16ஆம் நாளிலிருந்து தினமும் சிறுநீரில் பாருங்கள். இரண்டாம் கோடு அழுத்தமாக வந்தால் அன்றும் மறுநாளும் தவறவிடாதீர்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் கழித்து இரத்தம் கொடுத்தால் காலண்டர் கணக்கே தேவையில்லை. நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதும் சற்று மிகுந்தே இருப்பதால் பட்டை ஏமாற்றலாம். நாள்தோறும் அழுத்தமான கோடு வந்தால் பட்டையை விட்டுவிட்டு, முட்டைப்பை வளர்ச்சியை ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தம் கொடுக்கும்போது பட்டையில் கோடு வந்த தேதியையும் கடைசி மாதவிடாய்த் தேதியையும் படிவத்திலேயே எழுதச் சொல்லி, எழுதினார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.