ட்விக்கன்ஹாமில் ரக்பி ஆட்டம்: முழங்கால் வலியுள்ள அப்பாவுடன் போய்த் திரும்ப எது நல்ல வழி?

கேள்வி: கொவென்ட்ரிவாசி

வணக்கம். வருகிற நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ட்விக்கன்ஹாம் அரங்கில் இங்கிலாந்து அணி ஆடும் பன்னாட்டு ரக்பி ஆட்டத்துக்கு எனக்கும் அப்பாவுக்கும் டிக்கெட் கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கு வயது 72. கண்டியில் படித்த காலத்தில் பள்ளி அணிக்கு ஆடியவர். இங்கே வந்து இத்தனை ஆண்டுகளாகியும் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி, ஒருமுறைகூட அரங்குக்குப் போனதில்லை. இடது முழங்கால் தேய்ந்திருப்பதால் மெதுவாகத்தான் நடப்பார், ஆனால் கைத்தடி எடுக்கச் சொன்னால் கோபம் வந்துவிடும்.

ஆட்டம் பிற்பகல் 3.10க்குத் தொடங்குகிறது. கொவென்ட்ரியிலிருந்து யூஸ்டன் வரை ரயிலில் போவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. லண்டனுக்குள் நுழைந்த பிறகு எந்த வழியாகப் போவது, அதைவிட முக்கியமாக எந்த வழியாகத் திரும்புவது என்பதில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாலை 6.30 அளவில் யூஸ்டனிலிருந்து புறப்படும் ரயிலுக்கு முன்பதிவு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிவிடலாமா? அல்லது பேசாமல் காரிலேயே போய்விடுவது அப்பாவுக்கு வசதியாக இருக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வடக்கு ஸ்டாண்ட்

வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக அந்த அரங்குக்குப் போய்வருகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த 6.30 மணி டிக்கெட்டை வாங்காதீர்கள். ரக்பி ஆட்டம் 80 நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தாலும், இடைவேளைக்கு 15 நிமிடம் போய்விடும். காயம்பட்டவரைக் கவனிக்கும்போதும், நடுவர் காணொளியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்போதும் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே 3.10க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 5 மணி ஆகிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒன்றரை மணி நேரத்தில் முழங்கால் வலியுள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு யூஸ்டன் போய்ச் சேர முடியுமா என்றால், முடியலாம். ஆனால் கடைசிப் பத்து நிமிட ஆட்டத்தை அப்பா நிம்மதியாகப் பார்க்க மாட்டார், நீங்களும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முன்பதிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் எந்த ரயிலிலும் ஏற இடம் தரும் ஆஃப்-பீக் ரிட்டர்ன் டிக்கெட்டை யூஸ்டன் வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். கொவென்ட்ரியிலிருந்து ட்விக்கன்ஹாம் வரை ஒரே டிக்கெட்டாக எடுக்கவும் முடியும், அதில் லண்டனைக் கடக்கும் சுரங்க ரயிலும் அடங்கும். ஆனால் திரும்பும்போது வேறு வழியில் வர நினைத்தால் அந்த டிக்கெட் கைகொடுக்காது. யூஸ்டனுக்கு அப்பால் வங்கி அட்டையைத் தொட்டுப் போவதுதான் சுதந்திரம். ட்விக்கன்ஹாம் நிலையம் லண்டன் போக்குவரத்துக் கட்டணப் பிரிவில் 5ஆம் மண்டலத்தில் இருப்பதால் அங்கேயும் அட்டை செல்லும். ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும், உங்கள் அட்டையை இரண்டு பேருக்காக இரண்டு முறை தொட முடியாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்; என் மாமனாரை அழைத்துப் போனபோது வாட்டர்லூ வாசலில் இதனால் திண்டாடினேன்.

போகும்போது யூஸ்டனில் நார்தர்ன் லைன் சுரங்க ரயிலைப் பிடித்தால் மாறாமல் வாட்டர்லூ போய்விடலாம். சேரிங் கிராஸ் வழியாகப் போகும் வண்டியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யூஸ்டனிலிருந்து விக்டோரியா லைனில் வாக்ஸ்ஹால் போய் அங்கே ஏறலாம் என்றும் சிலர் சொல்வார்கள், வரைபடத்தில் பார்த்தால் அதுவும் சரிதான். ஆனால் ரயில் புறப்படும் இடம் வாட்டர்லூ. அங்கே ஏறினால் அப்பாவுக்கு இருக்கை கிடைக்கும். அடுத்தடுத்து வாக்ஸ்ஹாலிலும் கிளாப்பம் ஜங்ஷனிலும் ஏறுகிறவர்கள் கதவோரம் நின்றுகொண்டுதான் வருவார்கள். விரைவு வண்டியாக இருந்தால் ட்விக்கன்ஹாமுக்கு அரை மணிக்குள் போய்விடலாம். நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது. வெளியே வந்து லண்டன் ரோட்டில் வடக்கே திரும்பி, பிறகு விட்டன் ரோட்டைப் பிடித்தால் நமக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை, அப்பாவுக்கு இருபத்தைந்து என்று வையுங்கள். வழி கேட்க வேண்டிய தேவையே இருக்காது, கூட்டமே அழைத்துப்போய்விடும். ஒரு மணிக்கெல்லாம் ட்விக்கன்ஹாமில் இறங்கிவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டால் நின்று நின்று நடக்கலாம்.

திரும்புவதில்தான் சிக்கல். அரங்கில் 82,000 பேர் அமரலாம். மிக அருகில் இருப்பதோ புறநகர்ப் பகுதி ஒன்றின் சாதாரண ரயில் நிலையம், சுரங்க ரயில் அந்தப் பக்கமே வருவதில்லை. 1907இல் ரக்பி சங்கம் இந்த நிலத்தை வாங்கியபோது அது முட்டைக்கோஸ் விளைந்த தோட்டம் (இன்றும் பழைய ரசிகர்கள் அரங்கை முட்டைக்கோஸ் பாத்தி என்றுதான் சொல்வார்கள்), 1909இல் முதல் ஆட்டம் நடந்தபோது இவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நெருக்கியடித்து ஏற்றினாலும் ஒரு ரயிலில் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் போக முடியும். அதனால் ஆட்டம் முடிந்ததும் நிலையத்துக்கு வெளியே தடுப்புக் கம்பிகள் போட்டு, லண்டன் பக்கம் போகிறவர்களைத் தனியாகவும் ரீடிங் பக்கம் போகிறவர்களைத் தனியாகவும் வரிசையில் நிறுத்தி, தவணை தவணையாக உள்ளே விடுவார்கள். வரிசை நகர்ந்துகொண்டேதான் இருக்கும், சண்டை சச்சரவு இருக்காது; ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கொடுமை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, போகும்போது ட்விக்கன்ஹாம், வரும்போது ரிச்மண்ட். பெரிய ஆட்டங்களுக்கு அரங்கிலிருந்து ரிச்மண்டுக்கும் ஹவுன்ஸ்லோவுக்கும் தனிப் பேருந்துகள் விடுவது வழக்கம். உங்கள் ஆட்டத்துக்கு எங்கிருந்து, எத்தனை மணி வரை என்பதை அந்த வாரம் அரங்கின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ரிச்மண்டிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் அங்கேயே தொடங்குகிறது, காலி வண்டி நின்றுகொண்டிருக்கும். உட்கார்ந்து விக்டோரியா வரை வந்து, அங்கே விக்டோரியா லைனுக்கு மாறினால் யூஸ்டன். நேரடி ரயிலைவிட நேரம் கூடத்தான், ஆனால் அத்தனையும் உட்கார்ந்த நேரம்.

பதில் 2: மழைக்கோட்டு

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. பேருந்துக்கும் வரிசை உண்டு, சாலையிலும் நெரிசல் உண்டு. நான் பார்த்தவரையில் மிக நல்ல வழி எழுந்திருக்காமல் இருப்பதுதான். கடைசி விசில் ஊதியவுடன் எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடும்போது நீங்கள் இருவரும் இருக்கையிலேயே இருங்கள். ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து கையசைப்பார்கள், எதிரணியினரோடு கைகுலுக்கிக்கொள்வார்கள், பிள்ளைகள் கம்பி ஓரத்தில் நின்று கையெழுத்துக் கேட்பார்கள். ஒருகாலத்தில் தானும் ஆடியவருக்கு அது ஆட்டத்துக்குக் குறைந்த காட்சி அல்ல. ஊழியர்கள் வந்து கிளம்பச் சொல்லும்போது கிளம்பி, கீழ்த்தளத்தில் சூடாக ஏதாவது குடித்துவிட்டு மெதுவாக நடந்தால், நிலையத்து வரிசை பாதியாகக் கரைந்திருக்கும். அடுத்த பக்கத்து நாற்காலியில் எதிரணி ஆதரவாளர் இருந்தால் பேச்சுத்துணைக்கும் குறைவிருக்காது. கால்பந்தைப் போல இங்கே இரண்டு தரப்பையும் பிரித்து உட்கார வைப்பதில்லை.

தனியாகப் போகும் நாட்களில் நான் ஏ316 சாலையோரமாக, ட்விக்கன்ஹாம் பாலத்தில் தேம்ஸைத் தாண்டி, ரிச்மண்டுக்கு நடந்தே போய்விடுவேன். சுமார் இரண்டு மைல். உங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம்.

நவம்பர் என்பதால் இன்னொன்று. நான்கு மணிக்குச் சற்றுப் பின்னாலேயே சூரியன் மறைந்துவிடும், இரண்டாம் பாதி முழுவதும் விளக்கொளியில்தான் நடக்கும். கான்கிரீட் தளத்தில் இரண்டு மணி நேரம் கால் வைத்திருந்தால் குளிர் கீழிருந்து ஏறும். அப்பாவுக்கு இரண்டு ஜோடிக் காலுறை போட்டுவிடுங்கள். உட்கார ஒரு சிறிய மெத்தையோ மடித்த சால்வையோ இருந்தாலும் நல்லது.

பதில் 3: பழைய ஓட்டுநர்

காரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். வேண்டாம். ஆட்ட நாளில் சுற்றுவட்டாரத் தெருக்களில் குடியிருப்போர் தவிர வேறு யாரும் வண்டி நிறுத்த முடியாது; சாதாரண நாட்களில் சும்மா கிடக்கும் தெருவாக இருந்தாலும், அன்றைக்கு மட்டும் பொருந்தும் அறிவிப்புப் பலகை ஏதாவது ஒரு கம்பத்தில் இருக்கும். ஒரு மார்ச் மாதம், சிக்ஸ் நேஷன்ஸ் ஆட்டத்தின்போது, அரை மைல் தள்ளி நிறுத்தியிருக்கிறோமே என்ற தைரியத்தில் போய்விட்டுத் திரும்பியபோது, முன் கண்ணாடியில் மழையில் நனைந்த மஞ்சள் உறை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பலகை இருபதடி தூரத்தில்தான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அரங்கைச் சுற்றியுள்ள சாலைகளை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் மூடிவிடுவதால், ஏ316இல் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் பிடித்தது.

அப்பாவிடம் ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அனுமதி அட்டை) இருந்தால் மட்டும் கதை வேறு. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், இடங்கள் குறைவு. இல்லையென்றால் ரயில்தான். சனி ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்பு வைப்பது அந்தப் பக்கத்தில் சகஜம் என்பதால், முந்தின வாரமே ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: கொவென்ட்ரிவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. கார் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். அப்பாவிடம் ப்ளூ பேட்ஜ் இல்லை, விண்ணப்பிக்கச் சொன்னால் அதற்கும் கோபம் வரும். யூஸ்டன் வரை ஆஃப்-பீக் ரிட்டர்ன் எடுத்தாயிற்று. ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு ரிச்மண்ட் பேருந்து என்று இரண்டு யோசனைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பேருந்து நின்றுவிடும் நேரத்தை மட்டும் கவனிக்க வேண்டும், இல்லையா?

இரண்டு சந்தேகங்கள் மிச்சம். எங்கள் இருக்கை மேல்தளத்தில் இருக்கிறது, அதுவரை ஏறுவது எப்படி இருக்கும்? கூட்டத்தில் நாங்கள் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது? அப்பா கைப்பேசியை எடுத்துவருவார், ஆனால் அடித்தால் எடுக்க மாட்டார்.

பதில் 4: வடக்கு ஸ்டாண்ட்

பேருந்து நேரத்தைப் பற்றி நீங்கள் நினைப்பது சரி. அரை மணி நேரத்துக்குமேல் உட்கார வேண்டாம்.

மேல்தளம் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். படிகள் ஏராளம், உள்ளே நுழைந்த பிறகு இருக்கை வரிசைகளுக்கு இடையே இருப்பவை மிகவும் செங்குத்து. ஏறுவதைவிட இறங்கும்போது முழங்கால் சொல்லும். இன்றைக்கே அரங்கின் அணுகல் உதவிப் பிரிவுக்கு எழுதி, முழங்கால் நிலையைச் சொல்லி, லிஃப்டைப் பயன்படுத்த முடியுமா, கீழ்த்தளத்தில் மாற்றித் தர வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். ஆட்ட நாளன்று வாசலில் நிற்பவரிடம் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

சந்திக்கும் இடத்துக்கு, தெற்கு ஸ்டாண்டுக்கு வெளியே இருக்கும் பெரிய வெண்கலச் சிலையைச் சொல்லுங்கள். லைன்அவுட்டில், அதாவது வெளியே போன பந்தைக் கோட்டோரத்திலிருந்து மறுபடி உள்ளே எறியும்போது, ஓர் ஆட்டக்காரரை மற்றவர்கள் தூக்கிப் பிடிக்க, அவர் பந்துக்காகக் கையை நீட்டும் காட்சி; 27 அடி உயரம் என்பதால் கூட்டத்தின் தலைக்கு மேலே தெரியும். வந்தவுடனேயே அப்பாவை அங்கே அழைத்துப்போய் இதுதான் இடம் என்று காட்டிவிடுங்கள். சாலைக்கு அந்தப் பக்கம் ஸ்டூப் என்று இன்னொரு சிறிய ரக்பி அரங்கும் உண்டு, ஹார்லிக்வின்ஸ் மன்றத்துடையது. "ரக்பி அரங்கு எங்கே" என்று வெறுமனே கேட்டால் அங்கே கைகாட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

டிக்கெட் கைப்பேசியில்தான் வரும். அரங்கின் அருகே சிக்னல் தடுமாறும் என்பதால் இரண்டு டிக்கெட்டையும் வீட்டிலேயே இறக்கி உங்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவுடையதை நம்பாதீர்கள்.

கேட்டவர்: கொவென்ட்ரிவாசி

எழுதிக் கேட்டுவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். சிலையின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். லைன்அவுட்டில் ஆளைத் தூக்குவதெல்லாம் தன் காலத்தில் கிடையாது, அவரவர் சொந்தக் காலில்தான் குதிக்க வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினார். கைத்தடியைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. மடக்கிப் பைக்குள் வைக்கக்கூடியது ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன்.